ஆமூர் மல்லனும் நானும்

ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆசாமி புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைகள் என்று நாலைந்து உண்டு. சர்க்கரை இல்லாமல் காப்பி குடிப்பது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் அதையே தேடாமலிருப்பது, பிஎஃப் கணக்கில் இதுவரை எடுத்த கடனை மனைவிக்குத் தெரியாமல் கூட்டிப் பார்ப்பது, இப்படி. தரையில் மல்லாந்து கிடந்து, பெற்ற மகளிடமே கழுத்தைக் கொடுத்து, கண் இருட்டுவதற்குள் தரையைத் தட்டிச் சரணடைவது அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. இருந்தும் நான் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். பெயர் ஜியு ஜிட்சு. வாயில் நுழையவே எனக்குச் சில நாள் பிடித்தது. உடம்பில் மட்டும் முதல் நாளே நுழைந்துவிட்டது, இடுப்பு வழியாக.

நான் இருப்பது ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில். திருப்பத்தூரிலிருந்து மலையேறி வந்தால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது நாங்கள் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். சாமை, புளி, பலா, தேன், மார்கழிக் குளிர், இவற்றுக்கெல்லாம் நடுவே நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். இங்கே படிக்கிறவர்கள் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே பள்ளிக்கூடம் வருவார்கள், ஒருவருக்கும் மூச்சு வாங்காது. எனக்கு வருகைப் பதிவேட்டைத் தூக்கினாலே வாங்கும்.

மகளுக்குப் பெங்களூரில் வேலை. வாரக் கடைசியில் என்னம்மா செய்கிறாய் என்று போனில் கேட்டால், "கிளாஸுக்குப் போறேன்ப்பா" என்பாள். பிரெஞ்சோ ஜெர்மனோ படிக்கிறாள் என்று நானாக முடிவுகட்டி, ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். ஒரு பொங்கலுக்கு ஜோலார்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கினவள் இடது காது தடித்து, மடல் உருண்டுபோய் நின்றாள். எவ்வளவு கடினமான உச்சரிப்பாக இருந்தாலும் பிரெஞ்சுக்குக் காது வீங்காது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேருவதற்கு நடுவே அவளுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கிடைத்தது. பெற்றோரோடு இருக்கிறேன் என்று மலைக்கு வந்தாள். நாங்களும் பலாச்சுளை, நாட்டுக்கோழி என்று கனவு கண்டோம். வந்த மறுநாளே, "அப்பா, உங்க ஸ்கூல் பொண்ணுங்களுக்கு ஜியு ஜிட்சு சொல்லித் தரலாம்ப்பா" என்றாள். மெத்தை வேண்டுமே என்றேன். வாசலில் இருந்த களத்தைக் காட்டினாள். சாமை அடித்த வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, நாலு மூலையிலும் கல்லை வைத்தாயிற்று. சாமை வைக்கோலின் சுணை தார்ப்பாயைத் தாண்டி எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். வரும். வந்து, தேடிப்பிடித்து, என் முதுகில்தான் ஏறும்.

"டெமோ காட்டறதுக்கு ஒரு உடம்பு வேணும்" என்றாள் மகள். யாருடைய உடம்பு என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். என்னைத் தவிர அங்கே ஓர் ஆட்டுக்குட்டிதான் நின்றது. அது பாவம் என்றாள்.

முதல் பாடம் விழுவது. நான் காலமெல்லாம் பிள்ளைகளைப் பார்த்து "விழாம ஓடுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தவன். இவள் வந்து, விழத் தெரியாதவனுக்கு மற்றதெல்லாம் சொல்லித்தரக் கூடாது என்கிறாள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பின்பக்கமாகச் சாயும்போது எவனும் இயல்பாகக் கையைப் பின்னால் ஊன்றுவான். ஊன்றினால் உடம்புப் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும், இல்லையென்றால் முழங்கை, அதுவும் தப்பினால் காறை எலும்பு. அதனால் கையை ஊன்றவே கூடாது. முதலில் குந்தி உட்கார வேண்டும். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, பார்வையைச் சொந்த வேட்டி முடிச்சில் வைக்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகை வளைத்து உருண்டு, முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் இரண்டு கையையும் உடம்பிலிருந்து சற்றே அகட்டி, உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை தரையில் பளாரென்று அறைய வேண்டும். விழுகிற வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் அந்த அறையில் பரவிப் போய்விடும்.

பிள்ளைகள் பளார் பளார் என்று விழுந்தார்கள். என் முறை வந்தது. மோவாயை ஒட்டினேன், முடிச்சைப் பார்த்தேன். பார்த்ததுதான் வினை. முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது. தரையை அறைய வேண்டிய இரண்டு கைகளும் மானத்தைக் காக்கப் போய்விட்டன. நான் மொத்தமாக, எந்தப் பரவலும் இல்லாமல், தொப்பென்று ஜவ்வாது மலைமேல் விழுந்தேன். களத்தின் ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்த என் வீட்டம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புளியம்பழம் உலுக்க ஆளு வந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து எனக்கு மகளின் பழைய டிராக் பேன்ட். பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை ஓடும். அதைப் பார்த்த அன்றைக்கே எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் பிறந்திருக்க வேண்டும். யாரும் இன்னும் என் காதுபடச் சொல்லவில்லை. அந்தக் காதாவது வீங்காமல் இருக்கட்டும்.

இந்த வித்தையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவரும் ஒரு வாத்தியார்தான். ஜப்பானில் ஜிகோரோ கானோ என்று ஒருவர். சாமுராய்கள் காலத்துப் பழைய ஜுஜுட்சுவில் எலும்பை ஒடிக்கிற, உயிரை வாங்குகிற பிடிகள் ஏராளம். அவற்றை முழு வேகத்தில் பழகிப் பார்த்தால் மறுநாள் வகுப்புக்கு ஆள் மிஞ்சாது. கானோ அந்த ஆபத்தானவற்றை ஒதுக்கி, எதிராளி முழு பலத்தோடு எதிர்த்தாலும் தினம் தினம் பழகக்கூடியவற்றை முன்னால் கொண்டுவந்து, 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கிற இடத்தில், ஒன்பது மாணவர்களோடு கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் ஜூடோ. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பிற்காலத்தில் டோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிக்கே தலைவராக இருந்தார். இடம் சின்னது, மாணவர்கள் கொஞ்சம், நடத்துகிறவர் வாத்தியார் என்ற அளவில் எனக்கும் அவருக்கும் ஒற்றுமை உண்டு. வயதைக் கேட்காதீர்கள்.

கோடோகனில் பயின்ற மித்சுயோ மயேதா நாடு நாடாக மல்லுக்கு நின்றுவிட்டு 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அங்கே கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர் அவரிடம் கற்றார். கார்லோஸின் தம்பி எலியோ நோஞ்சான். உடம்பு தாங்காது என்று களத்தில் இறங்க விடவில்லையாம். அண்ணன் பாடம் நடத்துவதை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே மொத்த வித்தையையும் மனப்பாடம் செய்துகொண்டாராம். ஒருநாள் அண்ணன் வரத் தாமதமானபோது, வந்த மாணவருக்குத் தம்பியே பாடம் எடுக்க, அந்த மாணவர் இனிமேல் எனக்கு இவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். இது அந்தக் குடும்பத்தார் சொல்லும் கதை. எனக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை விழவில்லை. சும்மா உட்கார்ந்து பார்த்தாலே வித்தை வந்துவிடும் என்றால், என் வகுப்பில் கடைசி பெஞ்சு முழுக்க இந்நேரம் புலவர்கள் ஆகியிருக்க வேண்டும்.

பலமில்லாதவனும் நெம்புகோல் கணக்கில் பலசாலியை மடக்கலாம், கீழே கிடப்பவனும் சண்டையில் உயிரோடுதான் இருக்கிறான், இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு கிரேசி குடும்பத்தார் வளர்த்ததுதான் இன்றைக்கு உலகமெல்லாம் பிரேசிலியன் ஜியு ஜிட்சு. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று பெல்ட்டுகள். கறுப்புக்குப் பத்து வருஷம்போல ஆகும் என்கிறார்கள். என் மகள் நீலம். நான் ரோஜாப் பட்டை.

சொல்லித் தருகிற விதத்தில்தான் எனக்கும் மகளுக்கும் முதல் உரசல். நான் ஒரு பாட்டை எடுத்தால் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், அவர் மாமனார் ஊர் என்று தொடங்கி, பாட்டின் முதலடிக்கு வரும்போது மணி அடித்துவிடும். இவள் வாயைத் திறக்காமல் ஓர் அசைவைச் செய்து காட்டினாள். மறுபடியும் செய்தாள். பக்கவாட்டிலிருந்து தெரிகிற மாதிரித் திரும்பிக்கொண்டு இன்னொரு தடவை செய்தாள். பிறகு இரண்டே வாக்கியம். "இப்ப நீங்க பண்ணுங்க." அவ்வளவுதான் பாடம். ஒரு மணி நேரத்தில் ஐந்து பிடி காட்டுகிறவன் ஒரு பிடியும் சொல்லித் தரவில்லை என்பது அவள் கட்சி. நான் நடுவில் புகுந்து, "பிள்ளைகளே, இதன் தத்துவம் என்னவென்றால்" என்று ஆரம்பித்தேன். "அப்பா, பேசாதீங்க, படுங்க" என்றாள். வகுப்பறையில் ஒருவர் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னது என் பணிக்காலத்தில் இதுவே முதல் தடவை. பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த மலர்ச்சியைச் செய்யுள் பகுதி நடத்தும்போது நான் பார்த்ததில்லை.

அசைவு பழகினதும் எதிர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவாள். முதலில் மேலே இருப்பவர் சும்மா இருக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் தடுக்க வேண்டும், அப்புறம் நிஜமாகவே விடக் கூடாது. எடுத்த எடுப்பிலேயே முழு பலத்தோடு தடுத்தால் கற்கிறவனுக்கு ஒன்றும் பிடிபடாது. கடைசிவரை தடுக்காமலே இருந்தால், பிடிபட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான், அது இன்னும் ஆபத்து. இன்னொன்றும் செய்வாள். ஆட்டத்தை நல்ல இடத்திலிருந்து தொடங்க விடவே மாட்டாள். "நீ ஏற்கெனவே மாட்டிக்கிட்டே. கீழ கிடக்கிறே. மேல ஆளு உக்காந்திருக்கு. இங்கேர்ந்து ஆரம்பி." சம்சாரிக்கு இதெல்லாம் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் கல்யாணத்தன்றே அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பித்தேன்.

இடுப்பை நகர்த்தித் தப்பிப்பது ஓர் அடிப்படைப் பாடம். ஒருக்களித்துப் படுத்து, ஒரு பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பைப் பின்னால் தள்ளி இடம் உண்டாக்க வேண்டும். எனக்கு இடுப்பு எது, தொப்பை எது என்று எல்லைத் தகராறே தீரவில்லை. அவள் சட்டென்று பிள்ளைகளிடம், "மலை பஸ்ல மூணு பேரு உக்கார்ற சீட்ல நாலாவதா ஒரு ஆயா கூடையோட இடுப்பை வெச்சு இடிச்சு எடம் பிடிப்பாங்கள்ல, அதுதான்" என்றாள். அத்தனை பெண்களும் அந்த நிமிஷமே நகர ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அப்படியே நகர்ந்து போனாள். நான் ஓரிடத்தில் கிடந்து வட்டமடித்தேன்.

அந்தப் பெண்ணைத்தான் அன்றைக்கு என் நெஞ்சில் ஏற்றி உட்கார வைத்தாள் மகள். முப்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். நான் எண்பது. மரியாதையான பிள்ளை. "ஐயா, ஏறலாமுங்களா?" என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். ஏறின பிறகு மரியாதை போய்விட்டது. இரண்டு முழங்காலும் என் அக்குளுக்கடியில் வந்து செருகிக்கொண்டன. பாதங்கள் என் தொடைக்கடியில் கொக்கி போட்டன. நான் கையால் தள்ளினேன், அவள் இன்னும் முன்னால் வந்தாள். புரண்டேன், கூடவே வந்தாள். மூச்சை வெளியே விட்டேன், அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கணத்தில்தான் எனக்குப் புறநானூற்று 80ஆம் பாட்டு விளங்கியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியது. மல்லனின் மார்பை ஒரு கால் மடித்து அழுத்துகிறது, அவன் செய்கிற தந்திரத்தைத் தடுத்து இன்னொரு கால் முதுகுப்புறம் வளைத்துக்கொள்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப் பதவுரை, பொழிப்புரை எல்லாம் எத்தனையோ தொகுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எந்தக் கால் எங்கே என்று எவனாவது கேட்டால், "அது போர் முறைடா, எழுதிக்கோ" என்று நகர்ந்துவிடுவேன். இப்போது எந்தக் கால் எங்கே என்பது எனக்கு ஐயந்திரிபறத் தெரியும். உரையாசிரியர்கள் யாரும் மல்லனின் இடத்திலிருந்து உரை எழுதவில்லை என்பது பெரிய குறை. அதே போரை 82ஆம் பாட்டில் கட்டில் பின்னும் தொழிலாளியின் ஊசி வேகத்துக்கு ஒப்பிடுகிறார் சாத்தந்தையார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது, அந்த அவசரத்தில் அவன் கையிலுள்ள ஊசி எப்படிப் பாயும்! இரண்டாயிரம் வருஷத்துக்கு நெருங்கிவந்த பிறகும் மற்போருக்கு இதைவிட நல்ல வர்ணனை எனக்குக் கிடைக்கவில்லை.

80ஆம் பாட்டில் புலவருக்கு ஓர் ஆசை. கிள்ளிக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் ஆகாது. மகன் மற்போரிடும் இந்தக் காட்சியைத் தித்தன், மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, வந்து காண வேண்டும் என்கிறார். இங்கே நிலைமை வேறு. பெற்ற தந்தையே ஆமூர் மல்லனாகக் கீழே கிடக்கிறான்.

அதிலிருந்து வெளியே வர வழி உண்டு. மேலே இருப்பவரின் ஒரு கையை நம் இரண்டு கையாலும் நெஞ்சோடு பூட்ட வேண்டும். அதே பக்கத்துப் பாதத்தை நம் பாதத்தால் வெளியிலிருந்து மடக்கிப் பிடிக்க வேண்டும். இப்போது அந்தப் பக்கம் ஊன்றிக்கொள்ள அவருக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. குதிகாலை ஊன்றி இடுப்பை வானத்துக்குத் தூக்கி, அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகத் திரும்பினால் அவர் கவிழ்வார். நான் இடுப்பைத் தூக்கினேன். அதாவது, தூக்குவதாக முடிவெடுத்தேன். முடிவு தலையிலிருந்து புறப்பட்டு இடுப்புக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது.

இந்தக் கலையில் எனக்கு உடனே கைவந்த பாடம் ஒன்றே ஒன்று. தட்டுவது. வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, பயமாக இருந்தாலோகூட எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று தட்டு. தட்டின அதே நொடியில் அவர் விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. பிடி போடுவதற்கு முன்னாலேயே மகள் இதைத்தான் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். தட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கழுத்தையும் கையையும் நம்பி ஒருவரிடம் கொடுத்துப் பழக முடியும். 1951இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவோடு மோதினார் நாம் மேலே பார்த்த எலியோ. கிமுரா அவர் கையைப் பின்னால் முறுக்கினார், எலும்பு முறிந்தது. எலியோ தட்டவே இல்லை. அண்ணன் கார்லோஸ்தான் பதறிப்போய்த் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற தரப்பார் அந்தப் பிடிக்கு வென்றவர் பெயரையே வைத்தார்கள். இன்றைக்கும் அது கிமுராதான். பெரிய மனசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையை ஒடியவிட்டுப் பேர் வாங்குவதெல்லாம் நமக்குச் சரிப்படாது. என் மகள் கிமுரா என்று சொல்லி வாயை மூடுவதற்குள் நான் தட்டியிருப்பேன். "அப்பா, நான் இன்னும் தொடவே இல்ல" என்பாள். தொட்ட பிறகு தட்டுகிறவனுக்கு முன்யோசனை இல்லை என்று அர்த்தம்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்துப் பிடி சொல்லித் தரக் கூடாது என்பதில் மகள் கண்டிப்பாக இருந்தாள். நல்ல விஷயம்தானே என்று தலையாட்டினேன். ஆகவே அந்தப் பாடம் முழுவதும், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, எனக்கு மட்டும் நடந்தது. பின்னாலிருந்து அணைக்கிற பிடி. முழங்கை மடிப்பு சரியாக மோவாய்க்குக் கீழே வரும். மூச்சுக்குழலை நசுக்குவது நோக்கமல்ல. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களை ஒரே நேரத்தில் அழுத்துவதுதான் சூட்சுமம். சரியாக விழுந்தால் சில நொடிகளில் ஆள் மயங்கிவிடுவான், அதனால்தான் தட்டின உடனே விட வேண்டும் என்ற சட்டம். இன்னொரு வகை எதிராளியின் சட்டைக் காலரைப் பிடித்தே நெரிப்பது. என் பனியனுக்குக் காலர் இல்லையே என்று மகிழ்ந்தேன். அவள் என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் போர்த்தின துண்டு. மேடையில் நாலு பேர் முன்னால் தோளில் விழுந்தது, களத்தில் நாலு பேர் இல்லாதபோது கழுத்தில் இறுகியது. தட்டலாம் என்றால், பதற்றத்தில் என் தொடையையே தட்டிக்கொண்டிருக்கிறேன். இதே ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் ராத்திரியெல்லாம் கண்விழித்துத் தேடுகிற நட்சத்திரங்களை, நான் சாயங்காலம் ஐந்தரைக்கே, வெறுங்கண்ணால் பார்த்தேன்.

ஊரில் ஒரு முணுமுணுப்பு கிளம்பத்தான் செய்தது. பொம்பளப் பிள்ளைகள் களத்தில் கட்டிப் புரள்வதா என்று. ஒரு பெரியவர் நேரிலேயே வந்துவிட்டார். எனக்குக் குஷி. பேசாதீங்க என்று சொல்ல மகள் அப்போது வீட்டில் இல்லை. திண்ணையில் உட்கார வைத்து, வங்காளத்திலிருந்து தொடங்கினேன். ரவீந்திரநாத் தாகூர் 1905இலேயே சானோ என்ற ஜப்பானியரை வரவழைத்துச் சாந்திநிகேதனில் ஜுஜுட்சு சொல்லிக் கொடுக்கச் செய்தார். 1929இல் மறுபடியும் கோடோகனில் தேறிய தகாகாகியை அழைத்துவந்தார். அங்கே பெண் பிள்ளைகளும் களத்தில் இறங்கிக் கற்றார்கள். நோபல் பரிசு வாங்கின மகாகவியே செய்திருக்கிறார், நாம் செய்தால் என்ன என்று ஏற்ற இறக்கத்தோடு முடித்தேன். பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவரைப் பார்ப்பதற்காக நான் மொத்த உடம்பையும் திருப்பி உட்கார்ந்திருந்த கோலத்தை ஒரு நோட்டம் விட்டார்.

"அந்தத் தாகூரும் இந்த மாதிரி கழுத்தைத் திருப்ப முடியாமத்தான் சுத்துனாரா வாத்தியாரே?"

ஆனால் மறுநாள் அவர் பேத்தி வந்தாள். முதல் வாரத்திலேயே என்னைக் கவிழ்த்தாள்.

மகளுக்குப் புது வேலையில் சேரும் நாள் வந்தது. கிளம்பும்போது வகுப்பை என்னிடம் ஒப்படைத்தாள். "புதுசா எதுவும் சொல்லித் தர வேணாம்ப்பா. விழறது, நகர்றது, உருள்றது, தட்டறது. இதையே பண்ண வைங்க, போதும்." நானும் பயபக்தியோடு முதல் வகுப்பை எடுத்தேன். கானோவில் ஆரம்பித்து, மயேதாவைக் கப்பலேற்றி, கிமுரா எலியோவின் கையைப் பிடிக்கும் கட்டத்துக்கு வந்து பார்த்தால், பிள்ளைகள் தார்ப்பாயின் கிழிசல் வழியாக வைக்கோலை உருவிப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏங்க, பேசினது போதும், படுங்க."

குரல் முறத்தின் பக்கத்திலிருந்து வந்தது. படுத்தேன். பெரியவரின் பேத்தி ஏறி உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல மேல்பார்வைக்குப் பலமாகத் தெரிகிற ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். என் வீட்டம்மா சாமையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கையைப் பூட்டாம உருண்டா அவ ஊனிக்க மாட்டாளா? அந்தப் பக்கத்துக் காலையும் மடக்குங்க. நேரா தூக்காதீங்க, தோளுக்கு மேல திரும்புங்க" என்றாள். திரும்பினேன். பேத்தி கவிழ்ந்தாள். களம் முழுக்க ஒரு விநாடி நிசப்தம், அப்புறம் கைதட்டல். நான் அதை என்னுடையது என்று எடுத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டேன். பிள்ளைகள் வேறு திசையில் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி ஒரு நாளும் அந்தத் தார்ப்பாயில் கால் வைத்ததில்லை. இன்னும் வைக்கவில்லை. முறத்தைக் கீழே வைக்காமலே யாருடைய முழங்கால் எங்கே தப்பு, யார் மோவாயை ஒட்டாமல் விழுகிறாள், யார் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பழக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கிரேசி குடும்பத்தாரிடம் நான் ஒரு மன்னிப்புக் கடிதம் பாக்கி.

போன வாரம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். கையில் ஒரு பாட்டில் மலைத்தேன். பேத்தியிடம் நல்ல மாற்றம் தெரிகிறதாம், தைரியமாக நிமிர்ந்து பேசுகிறாளாம். பேரன் ஒருவன் இருக்கிறான், அவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாராளமா அனுப்புங்க, ஆனா இந்த வித்தைக்குன்னு ஒரு வரலாறு இருக்கு" என்று தொடங்கினேன்.

"அது இருக்கட்டும் வாத்தியாரே" என்று தேன் பாட்டிலை என்னைத் தாண்டி நீட்டினார் பெரியவர். "அம்மாகிட்டக் கொஞ்சம் சொல்லி வைங்க. அவங்க கிளாஸ்ல எடம் கிடைக்குமா?"

எடம் இருக்கிறதாம். என் மீதுதான்.